எழுத்தாளர் கடலில், வாசகர்கள் மலையில்: படகில் குடியிருந்தபடி ஒரு நினைவுநூலைக் கொண்டுசேர்த்த அனுபவம்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 2023 அக்டோபர் முதல் 2024 மே வரை நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, படகின் பெயரும் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஓரிரு விவரங்களை விட்டுவிட்டேன். சொந்தச் செலவில் ஒரு புத்தகத்தைப் போட்டுவிட்டு, இனி இதை யாரிடம் கொண்டுபோவது என்று நிற்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நூலாசிரியர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அப்போது வயது 65. ஒஹாயோவில் என் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் எனக்கு இன்றைக்கும் அவர் டீச்சர்தான். இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். கணவர் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2019இல் இருவரும் வீட்டை விற்றுவிட்டு, எண்பதுகளில் கட்டிய 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டார்கள். கோடையில் செசபீக் விரிகுடா, குளிர்காலத்தில் புளோரிடா அல்லது பஹாமாஸ். பறவைகள் மாதிரி இப்படி வடக்கும் தெற்குமாகப் போய்வரும் படகுக் குடும்பங்கள் அந்தக் கரையில் நிறைய உண்டு.

புத்தகத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. டீச்சர் பிறந்து வளர்ந்தது மேற்கு வர்ஜீனியா மலையில், ஒரு நிலக்கரி ஊரில். அப்பா சுரங்கத் தொழிலாளி. 1968 நவம்பர் 20ஆம் தேதி அந்த மாநிலத்து ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில், நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஈட்டுத்தொகை கேட்டு மாநிலம் முழுக்கச் சுமார் 40,000 பேர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அந்த நோயை அங்கே ‘பிளாக் லங்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1969 முடிவதற்குள் சுரங்கப் பாதுகாப்புக்கான தேசியச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் நடந்தபோது டீச்சருக்குப் பத்துப் பதினொரு வயது. ஊருக்கு வெளியே நடந்ததெல்லாம் வீட்டுச் சமையலறை மேசைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் புத்தகம். அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்திய கதை, அப்பா மூச்சு வாங்கி வாங்கிக் கடைசி வருடங்களில் நாற்காலியிலேயே தூங்கிய கதை.

சுரங்க ஊர்களிலிருந்து கடல் வெகுதூரம். இந்த ஒரு சங்கதி பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆனால் தொடக்கத்தில் யாரும் இதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் தயாரான விதம்

பதிப்பகங்கள் சில திருப்பியனுப்பிய பிறகு, டீச்சர் தானே வெளியிடுவது என்று முடிவெடுத்தார். பக்க வடிவமைப்பும் அச்சுக் கோப்புகளும் என் வேலை. பிஓடி என்கிறோமே, ஆர்டர் வந்தால்தான் அச்சடிக்கும் முறை, அதையே தேர்ந்தெடுத்தோம். படகில் ஐந்நூறு பிரதிகளை அடுக்க இடம் ஏது?

அமேசானில் 272 பக்கக் கறுப்பு வெள்ளைப் புத்தகம் ஒன்றுக்கு அச்சுச் செலவு அப்போது ஒரு டாலரும், பக்கத்துக்கு 1.2 சென்ட்டும். மொத்தம் 4.26 டாலர். விலை 17 டாலர் வைத்தால் அதில் 60 சதவீதம் 10.20 டாலர். அச்சுச் செலவு போக ஆசிரியருக்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். கடைகளுக்கும் நூலகங்களுக்கும் தனியாக, நூல் விநியோக நிறுவனமான இங்கிராம் வழியாகவும் ஏற்பாடு செய்தோம். அமேசான் அச்சடித்த புத்தகத்தைத் தனிப் புத்தகக் கடைக்காரர்கள் பெரும்பாலும் அலமாரியில் வைப்பதில்லை. அவர்களுக்குப் போதுமான தள்ளுபடி வேண்டும், விற்காததைத் திருப்பியனுப்பும் வசதியும் வேண்டும்.

திருப்பி அனுப்புவது என்றதும் ஒரு கேள்வி வந்தது. திரும்பும் புத்தகம் எந்த விலாசத்துக்கு வரும்? ஆசிரியருக்கே அனுப்பச் சொல்லலாம், அல்லது அங்கேயே அழித்துவிடச் சொல்லலாம் என்று படிவத்தில் இரண்டு வழி இருக்கிறது. டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அழிக்கட்டும் என்றார். ஆறு வருடம் எழுதிய புத்தகத்துக்கு அந்தக் கட்டத்தில் டிக் போடுவது லேசான காரியமில்லை. ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும் வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

நேரில் விற்கும் பிரதிகளுக்கு என் வீட்டு கராஜ்தான் கிடங்கு. அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க மாவட்டங்கள் மூன்று மணி நேரக் கார் பயணம்.

படகிலிருந்து என்ன முடிந்தது, என்ன முடியவில்லை

முதலில் இணையம். ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு, ஆளில்லாத கழிமுகத்தில் நங்கூரம் போட்டுவிட்டுக்கூட வீடியோவில் பேசலாம். ஆனால் அதன் அலைவாங்கித் தட்டு 50 முதல் 75 வாட் வரை மின்சாரம் குடிக்கும். 12 வோல்ட் பேட்டரிக் கணக்கில் அது நான்கு முதல் ஆறு ஆம்பியர். ஜூலையில் சோலார் தகடு இதற்குக் கவலைப்படாது. டிசம்பரில் பகலே பத்து மணி நேரம்தான், வெயிலும் சாய்ந்து விழும். மேகம் மூடிய இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு மணி நேரப் பேட்டி கொடுத்தால், அன்றிரவு ஃபிரிட்ஜா லேப்டாப்பா என்று யோசிக்க வேண்டியிருக்கும். கணவர் எலக்ட்ரீஷியன் என்பதால் இந்தக் கணக்கு ஒரு நோட்டில் எழுதப்பட்டு, மேசைக்கு மேலே கிளிப் மாட்டித் தொங்கியது.

சத்தம் இன்னொரு தொல்லை. முதல் வானொலிப் பேட்டியின் பதிவைக் கேட்டேன். பின்னணியில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் டக், டக், டக். பாயை ஏற்றும் கயிறு காற்றில் ஆடி அலுமினியப் பாய்மரத்தில் மோதும் சத்தம் அது. படகில் இருப்பவர்களுக்கு அது காதிலேயே விழாது, பழகிவிட்டது. அடுத்த பேட்டியிலிருந்து, ஒலிவாங்கியைத் திறப்பதற்கு முன் அந்தக் கயிறுகளை ரப்பர் வாரால் இழுத்து ஓரக் கம்பியோடு கட்டுவது கணவரின் வேலையாயிற்று. காற்றாடி மின்னாக்கியையும் நிறுத்திவிடுவார்.

விலாசம் அடுத்தது. அஞ்சல் நிலையத்தில் ‘ஜெனரல் டெலிவரி’ என்று எழுதி அனுப்பினால் முப்பது நாள்வரை வைத்திருந்து கொடுப்பார்கள். ஆனால் எந்த ஊர் அஞ்சல் நிலையம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். படகுக்காரர்களிடையே ஒரு வழக்கு உண்டு: வந்து பார்க்க விரும்பும் உறவினரிடம் நாளைச் சொல்லலாம், அல்லது இடத்தைச் சொல்லலாம், இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. புத்தக நிகழ்ச்சி என்றாலோ நாள், இடம் இரண்டையும் இரண்டு மாதத்துக்கு முன்பே அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

பாதுகாப்புக்காக ஒரு விதியையும் வைத்துக்கொண்டோம். இந்தப் படகில் ஏஐஎஸ் கருவி இருக்கிறது. அது படகின் பெயரையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும், யார் வேண்டுமானாலும் இணைய வரைபடத்தில் பார்க்கலாம். அதனால் விளம்பரம் எதிலும் படகின் பெயர் வராது, ஒரு ஊரின் படத்தைப் போடுவதாக இருந்தால் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகே போடுவது. இது கடைசிவரை தவறவில்லை.

படகில் புத்தகம் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பெட்டிகள் முன்பக்க அறையில், மெத்தைக்கு அடியில் வைக்கப்பட்டன. வெளியே தண்ணீர் குளிர்ந்து, உள்ளே சமையலும் மூச்சுமாக இருந்தால், படகின் உட்சுவரில் வியர்த்து வழியும். நவம்பர் கடைசியில் ஒரு பெட்டியைத் திறந்தபோது அட்டைகள் அப்பளம்போல் வளைந்திருந்தன. அடியில் இருந்த நான்கைந்து பிரதிகளின் ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம். ஒரு பெட்டி முழுக்க வீண். மிச்சத்தைக் காற்று உறிஞ்சும் பைகளில் ஐந்தைந்தாகப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடினார்கள்.

அக்டோபர்: அன்னாபொலிஸ்

புத்தகம் அக்டோபர் முதல் வாரம் விற்பனைக்கு வந்தது. அந்தத் தேதியை டீச்சரும் கணவரும்தான் தேர்ந்தெடுத்தார்கள். அக்டோபர் நடுவில் மேரிலாந்தின் அன்னாபொலிஸில் பெரிய பாய்மரப் படகுக் கண்காட்சி நடக்கும், தெற்கே போகும் படகுகள் பல அந்தச் சமயத்தில் அங்கே வந்து கூடும். படகில் வாழும் ஆசிரியை, சுரங்கத் தொழிலாளியின் மகள் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பத்திரிகைகள் எழுதும் என்பது திட்டம்.

எழுதவும் செய்தன. உள்ளூர் இதழ் ஒன்று அரைப் பக்கம் கொடுத்தது. படம் முழுக்கப் படகு, புத்தகம் டீச்சர் கையில் தபால்தலை அளவில். படகுக்காரர்கள் கூடும் சந்திப்பு ஒன்றில் பேசவும் அழைத்தார்கள். அறை நிறைந்திருந்தது. டீச்சர் ஒரு அத்தியாயத்தை வாசித்தார், நன்றாகக் கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் முதல் கேள்வி, என்ன நங்கூரம் பயன்படுத்துகிறீர்கள் என்பது. இரண்டாவது, கழிவறைத் தொட்டி எத்தனை கேலன். அதற்கு அடுத்தது, இவ்வளவு சின்ன இடத்தில் எழுதும்போது கணவர் எங்கே இருப்பார்? எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரும்தான். புத்தகம் வாங்கியவர்கள் ஒரு கை விரல்களுக்குள்.

அந்த மாதத்தில் நான் கவனித்தது இதைத்தான். செய்தி வந்த நாட்களில் டீச்சரின் இணையப் பக்கத்துக்கு வருபவர்கள் கூடினார்கள், விற்பனை அசையவே இல்லை. படகு கூட்டத்தைக் கூட்டியது. ஆனால் வந்தவர்கள் படகைப் பார்க்க வந்தவர்கள். படகையே முன்னால் நிறுத்தும் விளம்பரத்தைக் குறைக்கலாம் என்று எழுதினேன். கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. இலவசமாகக் கிடைக்கும் கவனத்தை ஏன் விட வேண்டும் என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருந்தது, அதனால் நவம்பர் வரை அப்படியே ஓடட்டும் என்று விட்டோம்.

இணையத்தில் காசு கொடுத்து ஒரு சின்ன விளம்பரமும் போட்டுப் பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, காசு போனதுதான்.

நவம்பர்: வந்த கடிதங்கள்

சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அவர்கள் காப்பீட்டுப் பத்திரப்படி நவம்பர் பிறக்கும்வரை தெற்கே இறங்கக் கூடாது. நவம்பர் முதல் வாரத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து உள்நாட்டு நீர்வழியில் இறங்கினார்கள். கடலுக்கு இணையாக ஆறு, கால்வாய், காயல் என்று மயாமிவரை போகும் வழி அது. மைல் கணக்கு நார்ஃபோக்கில்தான் தொடங்கும். பகலில் மட்டும் ஓட்டினால் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது மைல். வட கரோலினாவில் ஓரியண்டல் என்ற சின்ன ஊரில் ஒரு மாலை, போஃபோர்ட்டில் ஒரு கடையில் கையெழுத்து. இரண்டும் சுமார்.

அந்த மாதத்தில் வேறு பக்கத்திலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஃபார்மிங்டன் விபத்தின் 55ஆவது நினைவு நாள் நவம்பர் 20 வந்தது. அதையொட்டி மேற்கு வர்ஜீனிய உள்ளூர் இதழ் ஒன்றில் டீச்சர் எழுதிய சிறு கட்டுரை வெளியானது. அதில் படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இடமும் இல்லை. அன்று மாலையிலிருந்து வந்த கடிதங்களை டீச்சர் எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்பா எந்தச் சுரங்கம், எந்த ஷிஃப்ட், தாத்தாவைத் தெரியுமா என்று கேட்டவர்கள். சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் என்ன இருக்கும் என்று நீங்கள் எழுதியது சரிதான் என்று சொன்னவர்கள். எண்பதைத் தாண்டிய ஒரு விதவை, எழுத்து பொடியாக இருக்கிறது, பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாள், பெரிய எழுத்தில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

பெரிய எழுத்துப் பதிப்பு எங்கள் யோசனையிலேயே இல்லாதது. அவர் ஒருவர் கேட்டது என்றாலும், 1969ஐ நினைவில் வைத்திருப்பவர்களின் வயது என்ன என்று கணக்குப் போட்டால் போதும். 16 புள்ளி எழுத்தில் மறுபடி பக்கம் கட்டினேன். பக்கங்கள் நானூறைத் தாண்டின, விலையைக் கூட்ட வேண்டியிருந்தது. பிஓடி என்பதால் முன்பணம் எதுவும் முடங்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது.

இதே சமயத்தில் ஒரு வேடிக்கை. டிசம்பர் முதல் வாரம் சார்ல்ஸ்டனில் இருப்பேன் என்று டீச்சர் ஒரு அறிவிப்புப் போட்டிருந்தார். அவர் சொன்னது தென் கரோலினாவின் துறைமுக நகரம். மேற்கு வர்ஜீனியாவின் தலைநகரத்துக்கும் அதே பெயர். எந்த மண்டபம், எத்தனை மணி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று மலையிலிருந்து விசாரிப்புகள் வந்தன. துறைமுக நகரத்திலிருந்து ஒருவர்கூடக் கேட்கவில்லை.

டிசம்பர்: இரண்டு நிகழ்ச்சிகள்

டிசம்பர் 6 அமெரிக்காவில் தேசியச் சுரங்கத் தொழிலாளர் தினம். 1907இல் அதே தேதியில் மேற்கு வர்ஜீனியாவின் மோனங்காவில் நடந்த வெடிப்பில் 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதன் நினைவாக. சுரங்க மாவட்டம் ஒன்றின் நூலகம், அன்று மாலை டீச்சரை வீடியோ வழியாகப் பேச அழைத்தது. படகு அப்போது தென் கரோலினாவில் நங்கூரத்தில் இருந்தது.

பாதிப் பேச்சில் ஓதம் திரும்பியது. படகும் அதோடு திரும்ப, பாய்மரம் தட்டுக்கும் வானத்துக்கும் குறுக்கே வந்து படம் உறைந்துபோயிற்று. மீண்டும் இணைப்பு வந்தபோது அந்தப் பக்கம் ஒரு முதியவர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்தின் ஒலிவாங்கி அவரிடமிருந்து தூரத்தில் இருந்ததால் டீச்சருக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியில் தன் அப்பாவின் பெயர் இருந்தது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்த பிறகு நூலகர் எழுதிய மின்னஞ்சலின் சாரம்: வந்தவர்களுக்குப் பிடித்தது, நூலகம் பிரதிகள் வாங்குகிறது, ஆனால் இந்த ஊர்க்காரர்கள் திரையோடு பேசுகிறவர்கள் இல்லை, முடிந்தால் நேரில் வாருங்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி டிசம்பர் 16, சனிக்கிழமை, புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் ஒரு புத்தகக் கடையில். செப்டம்பரிலேயே ஒப்புக்கொண்டது. சார்ல்ஸ்டனிலிருந்து உள்வழியில் அது முந்நூறு மைலுக்கு மேல். குறைந்த பகலில் ஆறேழு நாள் ஆகும். 12ஆம் தேதி ஆகியும் அவர்கள் கிளம்பியிருக்கவில்லை, டீசல் எஞ்சினில் ஒரு பம்ப் மாற்ற வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது வெளிக்கடல் வழி. நில்லாமல் ஓடினால் ஒன்றரை நாள்.

வானிலை அறிக்கையில் வாரம் முழுக்க வடகிழக்குக் காற்று பலமாக இருந்தது. வார இறுதியில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஒரு தாழ்வு புளோரிடாவைக் கடந்து கரையோரமாக மேலே வரும் என்றும் இருந்தது. காற்று பின்பக்கத்திலிருந்து வீசும், பாயைச் சுருக்கிக்கொண்டால் தாழ்வு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று டீச்சர் நினைத்தார். கடைக்காரர் அறிவிப்புக் கொடுத்துவிட்டார், வாக்குக் கொடுத்தாயிற்று, இதுதான் அவர் மனதில். கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நிகழ்ச்சி என்று ஒன்று இல்லையென்றால், இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு நாளைக்குக் கிளம்புவோமா? மாட்டோம். அப்படியென்றால் கிளம்பவில்லை.

கார் எடுத்துக்கொண்டு டீச்சர் மட்டும் போவதையும் யோசித்தார்கள். புயல் மாதிரி ஒன்று வரும்போது கணவரைத் தனியாகப் படகில் விட்டுவிட்டுப் போக அவர் விரும்பவில்லை. 13ஆம் தேதி காலையில் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட ஒட்டுச்சீட்டுகளை ஒரு உறையில் ஏற்கெனவே அனுப்பியிருந்ததால், கடையில் இருந்த பிரதிகளில் அவற்றை ஒட்டி வைத்தார்கள். கடைக்காரர் கோபப்படவில்லை. ஆனால் வசந்தத்தில் வேறு தேதி கேட்டபோது பதிலும் வரவில்லை.

படகை சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஸ்டோனோ ஆற்றில், மிதக்கும் மேடை உள்ள ஒரு படகுத்துறைக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். 17ஆம் தேதி சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் நீர்மட்டம் 9.86 அடிக்கு ஏறியது. அந்த ஊரின் பதிவுகளில் அது நான்காவது உயரம், வெப்பமண்டலப் புயல் இல்லாத நாளில் அதுவரை அதிகபட்சம். மேடை தூணை ஒட்டியபடி மேலே ஏறியது, படகும் ஏறியது. கரையிலிருந்து மேடைக்குப் போகும் பாலம் வழக்கமாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அன்று மேல்நோக்கிச் சாய்ந்து நின்றதாகவும், வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் என்றும் டீச்சர் எழுதினார். வெளிக்கடலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி: திட்டத்தை மாற்றியது

புத்தாண்டுக்குப் பிறகு மூவரும் ஒரு நீண்ட அழைப்பில் உட்கார்ந்தோம். கையில் இருந்த தகவல் இவ்வளவுதான். துறைமுக ஊர்களில் பேசிய எந்தக் கூட்டத்திலும் குறிப்பிடும்படி விற்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவுக்கு டீச்சர் இன்னும் காலடி வைக்கவே இல்லை, ஆனால் பெரிய எழுத்துப் பதிப்பு ஏறக்குறைய முழுக்க அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடம் பஹாமாஸ் போவதில்லை என்று முடிவாயிற்று. அங்கே சுற்றுலாவாக வரும் படகுக்காரர்கள் எதையும் விற்கக் கூடாது என்பது ஒரு பக்கம். வாடைக்காற்று வீசும்போது இடையில் ஓடும் வளைகுடா நீரோட்டத்தைக் கடக்க முடியாது, நல்ல காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தால் எந்த நிகழ்ச்சிக்கும் தேதி கொடுக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். படகின் அடிப்பாகத்துக்கு எப்படியும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. பிப்ரவரி கடைசியில் ஜார்ஜியாவில் ஒரு யார்டில் படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கணவர் அங்கேயே தங்கி வேலையைப் பார்ப்பது, டீச்சர் வாடகைக் காரில் மலைக்குப் போவது என்று பிரித்துக்கொண்டார்கள்.

படகை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று கணவரே சொன்னார். ஆசிரியர் குறிப்பின் கடைசி வாக்கியத்துக்கு அது போயிற்று.

மார்ச், ஏப்ரல்: மலை ஊர்களில்

பனி விலகத் தொடங்கிய பிறகு மார்ச் நடுவில் கிளம்பினார். என் கராஜிலிருந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார், தீர்ந்ததும் வந்து மறுபடி ஏற்றிக்கொண்டார். மாவட்ட நூலகங்கள், தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம், தொழிற்சங்க மண்டபம், பிளாக் லங் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்று. புத்தகக் கடைகள் மிகக் குறைவு. பல ஊர்களில் கடையே கிடையாது. கையில் விற்றால் விற்பனை வரிக்கு மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதால், நூலகத்தின் நண்பர் குழு விற்றுத் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வது என்று பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு. இதனால் லாபம் குறைந்தது, ஆனால் ஊர்க்காரர்களே கூட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள்.

டீச்சர் வாசிப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் வாசித்தால் போதும், அதன்பின் கூட்டமே பேசும். சிலர் வீட்டிலிருந்து பித்தளை எண்வில்லைகளைக் கொண்டுவந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்குமுன் பலகையில் மாட்டிவிட்டுப் போகும் வில்லை அது. மாலையில் பலகையில் எது மிச்சம் இருக்கிறதோ அந்த ஆள் உள்ளேயே இருக்கிறார் என்று அர்த்தம். டிசம்பரில் திரையில் அரைகுறையாகக் கேட்ட முதியவரைத் தேடிப்பிடித்தார். அவர் டீச்சரின் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்து, இடையிடையே மூச்சுக்காக நிறுத்தி, அன்றைக்குச் சொன்னதை மறுபடி சொன்னார். அது புத்தகத்தில் இல்லாத விஷயம், இங்கேயும் எழுதப்போவதில்லை.

எல்லாம் இனிமையாக முடியவில்லை. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெரியப்பா கம்பெனி மேற்பார்வையாளர் ஆனதும் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது என்பது புத்தகத்தின் நடு அத்தியாயம். பெரியப்பா மகன் அந்த ஊரில்தான் இருக்கிறார். அப்போது அவர்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு நீண்ட நாள் சிகிச்சை நடந்தது, சம்பளம் கூடின வேலையைத் தன் அப்பா ஏற்றுக்கொண்டது அதற்காக, அதை எழுதாமல் விட்டது அநியாயம் என்று தொலைபேசியில் சொன்னார். டீச்சருக்கு இது புதுச் செய்தி. வீட்டில் யாரும் சொன்னதில்லை. குழந்தையின் நோய் என்ன என்று குறிப்பிடாமல் ஒரு பத்தி சேர்த்து எழுதி, அவருக்கு முதலில் அனுப்பிக் காட்டினார். ஆட்சேபம் இல்லை என்று மட்டும் பதில் வந்தது. கோப்பை மாற்றி ஏற்றினேன், சில நாளில் புதிய பிரதிகள் அந்தப் பத்தியோடு வர ஆரம்பித்தன. கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பழைய பிரதி வாங்கியவர்களுக்கு அந்தப் பத்தி போய்ச் சேர வழியும் இல்லை.

கணக்கு

2024 மே வரை விற்ற அச்சுப் பிரதிகளில் பாதிக்கும் மேல் மேற்கு வர்ஜீனியாவிலும், அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் நிறைந்த ஒஹாயோ ஊர்களிலும் விற்றவை. பெரிய எழுத்துப் பதிப்பு சாதாரணப் பதிப்புக்குக் கிட்டத்தட்ட ஈடாக ஓடியது. மின்னூல் ஏதோ விற்றது. படகைப் பற்றிய செய்திகளால் வந்த விற்பனை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அக்டோபர் விற்பனையை ஏப்ரலோடு வைத்துப் பார்த்தால், பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பணமாகப் பார்த்தால் நஷ்டம். வாடகைக் கார், பெட்ரோல், யார்டுக் கட்டணம், பூஞ்சணம் பிடித்த பெட்டி எல்லாம் சேர்த்தால், பிரதிக்கு ஆறு டாலர் எந்த மூலைக்கு? இதை டீச்சர் முன்பே தெரிந்துதான் போனார். நாலு பேர் சொந்தமாகப் புத்தகம் போடுவது பற்றி என்னிடம் கேட்டால், இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுகிறேன்.

மறுபடி செய்தால்

வெளியீட்டுத் தேதியைப் படகின் நாட்காட்டியிலிருந்து முழுக்கப் பிரிக்க வேண்டும். படகு நகரும் அக்டோபர், நவம்பரில் வெளியிடாமல், படகு ஒரே இடத்தில் நிற்கும் காலத்தில் வெளியிடலாம். இந்தப் புத்தகத்துக்கு ஏப்ரல் பொருந்தியிருக்கும். ஏப்ரல் 28 பணியிடத்தில் இறந்தவர்களுக்கான நினைவு நாள், சுரங்க ஊர்களில் அன்று கூட்டம் இருக்கும்.

பெரிய எழுத்துப் பதிப்பு முதல் நாளே வர வேண்டும். பிரதிகள் எதுவும் படகில் ஏறக் கூடாது, டீச்சர் கையில் வாசிக்க ஒன்று, பரிசளிக்க இரண்டு போதும். கையெழுத்துச் சீட்டுகள் நல்ல யோசனை, அதைத் தொடரலாம். வீடியோ நிகழ்ச்சி என்றால் அன்றைக்குப் படகு நங்கூரத்தில் இல்லாமல் துறையில் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பக்க மண்டபத்தில் கையில் கொடுக்கும் ஒலிவாங்கி உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். உறவினர்கள் விஷயத்தில், புத்தகத்தில் வரும் குடும்பங்களுக்கு அச்சுக்கு முன்பே அந்தந்தப் பக்கங்களைக் காட்டியிருக்கலாம் என்று டீச்சர் நினைக்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காட்டியிருந்தால் அந்த அத்தியாயமே வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. இதில் எங்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை.

ஒரு விஷயத்தில் கணவர் சொன்னதும் பலித்தது. 2024 கோடையில் படகு இதழ் ஒன்று டீச்சரிடம் கட்டுரை கேட்டது, கழிவறைத் தொட்டி பராமரிப்பைப் பற்றி. எழுதிக் கொடுத்தார். ஒரே கட்டுரைக்கு வந்த காசு, அந்த மாதம் புத்தகத்தில் வந்ததைவிட அதிகம். அதை வைத்து நூலகங்களுக்கு இரண்டு பெட்டி பெரிய எழுத்துப் பிரதி அனுப்பச் சொன்னார். என் கராஜிலிருந்துதான் போயின.